காசு கொடுத்து கோரை வாங்கலாமா? வீட்டுத் தோட்டத்தில் குடைக்கோரை, பாப்பிரஸ் வளர்ப்பது எப்படி?

வயலில் கோரை முளைத்தால் விவசாயிக்கு வயிற்றெரிச்சல். அதே கோரைக் குடும்பத்துச் செடியை நர்சரியில் விலை பேசி வாங்கி, பால்கனியில் அழகுக்கு வைப்பவர்களும் உண்டு. 'அம்பர்லா பாம்' என்றும் 'பாப்பிரஸ்' என்றும் பெயர்ப்பலகை இருப்பதால், அது கோரை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பெயரில் பாம் இருக்கிறதே என்று பனை, ஈச்சை வகையாக நினைத்து அளவாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரே மாதத்தில் நுனியெல்லாம் கருகிப்போகிறது. இன்னும் சிலர் தண்ணீர்ச் செடி என்று தெரிந்து தொட்டி நிறைய தண்ணீர் நிறுத்துகிறார்கள். அங்கே செடி நன்றாக இருக்கிறது, கூடவே கொசுவும் நன்றாக இருக்கிறது.

செடி வாடாமலும் கொசு பெருகாமலும் அழகுக் கோரையை வளர்க்க முடியுமா? முடியும். அதற்கு முதலில் இந்தச் செடியின் குணம் தெரிய வேண்டும்.

கோரை, புல் இரண்டும் ஒன்றா?

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம். நெல், கரும்பு, மூங்கில், அருகம்புல் எல்லாம் புல் குடும்பம். தண்டில் கணு இருக்கும், பல புற்களில் கணுவுக்குக் கணு நடுவே உள்ளே வெற்றிடம் இருக்கும். கோரைத் தண்டில் நடுவே கணு கிடையாது. அடியிலிருந்து நுனி வரை வழுவழுவென்று ஒரே நீட்டாகப் போகும். உள்ளே பஞ்சு போன்ற சோறு நிரம்பியிருக்கும். நீண்டு, சுருளாமல் நிற்கும் தலைமுடியை 'கோரை முடி' என்று சொல்வது இதை வைத்துத்தான்.

இன்னொரு அடையாளம், தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்ப்பது. பெரும்பாலான கோரைகளுக்கு மூன்று பட்டை இருக்கும், உருளாது. குடைக்கோரையில் இந்த மூலைகள் கொஞ்சம் மழுங்கியிருக்கும். உருண்டைத் தண்டு உள்ள கோரைகளும் இருக்கின்றன என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாய் நெய்வதும் கோரையில்தான். கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் காவிரிக் கரையோரம் பாய்க்காகவே கோரையைப் பயிராக நடுகிறார்கள். ஆக, கோரையை நட்டு வளர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. அழகுக்காக நடுவதுதான் புதிது.

நர்சரியில் எதைக் கேட்டு வாங்குவது?

அதிகம் கிடைப்பது குடைக்கோரை. தாவரவியல் பெயர் சைபரஸ் இன்வாலுக்ரேட்டஸ். நர்சரிகளில் சைபரஸ் ஆல்டர்னிஃபோலியஸ் என்ற பழைய பெயரிலேயே ஓடுகிறது. ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி. மூன்றிலிருந்து ஐந்து அடி உயரம் போகும். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் விரித்த குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் பச்சை இலைகள். உண்மையில் அவை இலைகள்கூட இல்லை, பூவைத் தாங்கும் பூவடிச் செதில்கள்தான் அப்படி நீண்டு விரிந்திருக்கின்றன. பூ நடுவில் சின்னதாக, பழுப்பு நிறத்தில் வரும். அதை அழகு என்று சொல்வது கஷ்டம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 'அம்பர்லா பிளான்ட்', 'அம்பர்லா ட்ரீ' என்ற பெயரில் ஷெஃப்லரா என்ற வேறொரு செடியும் விற்கிறது. அதில் ஒரு காம்பில் ஏழெட்டு அகலமான, பளபளப்பான இலைகள் விரல் விரித்த மாதிரி இருக்கும். அதற்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். குடைக்கோரைக்கோ தண்ணீர் வற்றினால் உயிர் போய்விடும். பராமரிப்பு தலைகீழ் என்பதால், இணையத்தில் 'அம்பர்லா பிளான்ட்' என்று தேடிப் படித்துவிட்டு கோரைக்குத் தண்ணீரைக் குறைத்தால் கதை முடிந்தது. வீட்டில் நாய், பூனை இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷெஃப்லராவைக் கடித்தால் அவற்றின் வாய் எரிந்து புண்ணாகும். எனவே பெயரைக் கேட்காமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பாப்பிரஸ். பழைய எகிப்தில் எழுதுவதற்கான தாள் செய்தது இந்தச் செடியின் தண்டிலிருந்துதான். ஆங்கிலத்தின் 'பேப்பர்' என்ற சொல்லே இதன் பெயரிலிருந்து வந்தது. செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013-ல் கிடைத்த பாப்பிரஸ் சுருள்கள், பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னன் காலத்தவை. சுமார் 4,500 ஆண்டு பழையவை. இப்படி வரலாறு பெரிது, செடியும் பெரிது. தரையில் ஈரமும் வெயிலும் கிடைத்தால் 15 அடி வரை போகும். தொட்டியில் அவ்வளவு வராது என்றாலும் ஆள் உயரத்தைத் தாண்டும். நுனியில் பச்சை நூலைக் கொத்தாக விரித்த மாதிரி இருக்கும். காற்று அதிகம் வீசும் நான்காவது, ஐந்தாவது மாடி பால்கனிக்கு இது சரிப்படாது, தண்டு மடங்கிவிடும். தோட்டம் உள்ள வீட்டில், மதில் மறைவில் வைத்தால் கம்பீரமாக நிற்கும்.

இடம் குறைவு என்றால் குட்டை பாப்பிரஸ் நல்ல தேர்வு. ஒன்றரை அடியிலிருந்து மூன்று அடி வரைதான் வளரும். ஒரு பெரிய மண் சட்டியில்கூட அழகாக இருக்கும். வெள்ளை நட்சத்திரம் மாதிரி பூக்கும் 'ஸ்டார் கிராஸ்' என்பதும் கோரைதான். அமெரிக்காவின் தென்கிழக்கில் ஈர நிலங்களில் இயற்கையாக வளர்வது. அந்த வெள்ளை இதழ்களும் உண்மையான இதழ்கள் இல்லை, அடிப்பக்கம் வெளுத்த பூவடிச் செதில்கள்தான். பெரும்பாலான கோரைகள் மகரந்தச் சேர்க்கைக்குக் காற்றை நம்பியிருக்க, இது பூச்சிகளையும் வரவழைக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் மஞ்சள் கோடு போட்ட, செம்பு நிறத்தில் தொங்கும் அழகான கோரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் கேரெக்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. ஜப்பான், நியூசிலாந்து போன்ற குளிர்ந்த ஊர்களின் செடிகள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் வளர்த்துப் பார்க்கலாம். சென்னை, மதுரை, திருச்சியில் மே மாத இரவு வெக்கையை அவை தாங்குவது கஷ்டம். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தொட்டியும் மண்ணும்

சாதாரண மாடித்தோட்டக் கலவையில் தென்னை நார்க் கழிவு நிறைய இருக்கும். தண்ணீர்ச் செடிக்கு அது ஒத்துவராது. தண்ணீர் நின்றால் நார்க் கழிவு மிதக்கும், கொஞ்ச நாளில் அழுகி நாற்றமடிக்கும். கோரைக்குக் கனமான மண்தான் வேண்டும். குளத்து வண்டல் கிடைத்தால் முதல் தரம். இல்லையென்றால் செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு களிமண் கலந்து, நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி சேர்த்தால் போதும். பச்சைச் சாணம் போடவே கூடாது. தண்ணீர் பச்சையாகி, பாசி படர்ந்து, வாடை தாங்காது.

செடியை நட்டு மேலே ஒரு அங்குலம் கூழாங்கல்லோ சிறு ஜல்லியோ பரப்புங்கள். தண்ணீர் ஊற்றும்போது மண் கலங்காது.

மாடியில் வைப்பவர்கள் எடையைக் கணக்குப் போட வேண்டும். இரண்டு அடி அகலம், ஒரு அடி ஆழமுள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 85 லிட்டர். மண், ஜல்லி, தண்ணீர் மூன்றும் நிறைந்தால் 150 கிலோவைத் தாண்டும். மொட்டைமாடியின் நட்ட நடுவில் இப்படி நான்கு தொட்டி வைப்பதைவிட, கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்தின் மேல் வைப்பது நல்லது. தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வைத்தால், கசிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அடித்துளை வழியாக வேர் இறங்கி தளத்து விரிசலில் நுழைவதையும் தடுக்கலாம்.

கொசு வராமல் தண்ணீர் நிறுத்துவது எப்படி?

இதுதான் முக்கியமான கேள்வி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்ப நனைந்தால் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவதால் மட்டும் பலன் இல்லை. உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும், அதுவும் வாரம் ஒரு முறை. மண்ணும் வேரும் நிறைந்த தொட்டியில் இது நடக்கிற காரியமா?

நடக்காது. ஆனால் கோரைக்குத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தேங்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. வேர்ப் பகுதி எப்போதும் சேறாக இருந்தால் போதும். குளத்தின் நடுவில் நிற்கிற தாமரை இல்லை இது, கரையோரத்துச் செடி.

இதை வைத்து ஒரு எளிய வழி இருக்கிறது. துளை உள்ள சிறிய தொட்டியில் செடியை நட்டு, அதைத் துளை இல்லாத பெரிய தொட்டிக்குள் இறக்குங்கள். சுற்றியுள்ள இடைவெளி முழுவதையும் சிறு ஜல்லியால் நிரப்புங்கள். கடைசி இரண்டு அங்குலத்துக்குப் பருமணல் போடுங்கள். பெரிய ஜல்லி என்றால் கல்லிடுக்கு வழியாகக் கொசு உள்ளே போய்விடும். மணல் மூடியிருந்தால் போக முடியாது. தண்ணீர் எப்போதும் இந்த மணல் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். மழை பெய்து நிரம்பினால்? பெரிய தொட்டியின் பக்கவாட்டில், விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் கீழே ஒரு துளை போட்டுவிட்டால் அதிகத் தண்ணீர் தானாக வெளியேறும். துளையின் உள்பக்கம் கொசுவலைத் துணி ஒரு துண்டு வைத்துவிடுங்கள், மணல் அடைக்காது.

உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க, ஓரத்தில் ஒரு பி.வி.சி குழாய்த் துண்டைச் செங்குத்தாக நிறுத்தலாம். அதில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் ஈர அளவு தெரியும். குழாயின் வாயை மூடி வைக்க மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தக் குழாயைத் திறந்து வைத்தால், கொசுவுக்கு வாசல் திறந்துவிட்டது போல ஆகிவிடும்.

குளம் மாதிரி திறந்த தண்ணீர்த் தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் கப்பி மீன்கள் நான்கைந்து விடலாம். புழுக்களைத் தின்றுவிடும். தொட்டி மீனை ஏரி, குளத்தில் கொண்டுபோய் விடுவது கூடாது. மீன் வேண்டாம் என்றால் பி.டி.ஐ என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. கொசுப் புழுவைக் கொல்லும், மீனையும் செடியையும் ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். மண்ணெண்ணெய், பழைய ஆயில் ஊற்றுவது பழைய பழக்கம். செடியும் பாழாகும், மீனும் செத்துப்போகும்.

மழைக்காலத்தில் வீடு வீடாகச் சோதனைக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது தொட்டிகளையும் அடித்தட்டுகளையும்தான். புழு இருந்தால் உள்ளாட்சி அமைப்புகள் நோட்டீஸ் கொடுப்பதும் அபராதம் போடுவதும் உண்டு. அபராதத்தை விடுங்கள், அந்தக் கொசு முதலில் கடிக்கப்போவது அதே வீட்டில் இருப்பவர்களைத்தான்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

கோடையில் இந்தச் செடி தண்ணீரை நன்றாகவே குடிக்கும். 2019-ல் சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததை மறக்காதவர்களுக்கு, குடிநீரை ஊற்றி அழகுச் செடி வளர்ப்பது உறுத்தும். உறுத்தவும் வேண்டும். நல்ல வேளையாக, இதற்குக் குடிநீர் தேவையில்லை.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு ரொம்பப் பொருத்தம். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. கடலோர ஊர்களில் கோடை நாளில் ஒரு ஏ.சி. பல லிட்டர் தரும். பைப்பை நேராகத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் போதும். வாளியில் பிடிப்பதானால் அந்த வாளியை மூடி வையுங்கள், கொசுக் கதை அங்கேயும் பொருந்தும்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் அதற்கு நேர் எதிர். உப்பெல்லாம் செறிந்து வருவது. அதை மட்டும் தினமும் ஊற்றினால் சில வாரத்தில் இலை நுனி பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் ஏறும். ஏ.சி. தண்ணீரோடு கலந்து எப்போதாவது ஊற்றலாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ தாராளமாக ஊற்றி, பழைய தண்ணீரைப் பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே தள்ளிவிட வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் எப்போதாவது ஒரு டம்ளர் என்றால் சரி. தினமும் ஊற்றினால் உள்ளே தங்கிப் புளித்து நாற்றமடிக்கும்.

குளியல் தண்ணீரை விட்டு வளர்க்கலாமா?

வளர்க்கலாம், தோட்டம் உள்ள வீட்டில் இந்தச் செடியின் உண்மையான பயன் இங்கேதான். கிணற்றடியிலும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலும் வாழை, கல்வாழை, சேம்பு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குடைக்கோரையும் அதே வேலையைச் செய்யும்.

கோரையை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் யோசனைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்ற ஆய்வாளர் 1950-களில் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நீர்ச்செடியை வைத்துத்தான் இந்தப் பரிசோதனைகளைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க இருக்கும் செயற்கை ஈரநிலங்களுக்கு அது ஒரு தொடக்கம். தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால், ஆரோவில்லில் செடியும் ஜல்லியும் கொண்ட வடிகட்டிப் படுகைகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன.

செடிதான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பெரிய வேலையைச் செய்வது ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். கோரையின் தண்டுக்குள் காற்றறைகள் இருப்பதால் அது மேலிருந்து ஆக்சிஜனை வேர் வரை இறக்குகிறது, அதைச் சுற்றி நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்கின்றன. தண்ணீரில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தைக் கொஞ்சம் செடியும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முற்றிய தண்டுகளை அவ்வப்போது வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே விட்டால் அழுகி, எடுத்த சத்து திரும்பத் தண்ணீருக்கே போய்விடும்.

வீட்டு அளவில் செய்வதென்றால் இரண்டடி ஆழக் குழி, அடியில் தண்ணீர் இறங்காத விரிப்பு, உள்ளே ஜல்லி, மேலே கோரை. ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்கு அடியிலேயே ஊர்ந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். மேலே தேங்கக் கூடாது. குளியல் தண்ணீர், துணி அலசும் தண்ணீர் விடலாம். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால், அதை முதலில் ஒரு சிறு தொட்டியில் தங்கவைத்துப் பிசுக்கை வழித்தெடுத்த பிறகே விட வேண்டும். இல்லையென்றால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். கழிப்பறைத் தண்ணீர் கூடவே கூடாது. பிளீச்சிங் பவுடரும், தரை கழுவும் ஆசிட்டும் நுண்ணுயிர், செடி இரண்டையும் கொன்றுவிடும்.

வெளியே வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கலாம், ஆனால் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ உதவாது. தென்னை, வாழை, பூச்செடிக்குப் பாய்ச்சலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெள்ளரி, கேரட்டுக்கு வேண்டாம்.

ஒன்றை வாங்கி பத்தாக்குவது எப்படி?

குடைக்கோரையில் இது குழந்தைகளுக்குக்கூடப் பிடிக்கும் வேலை. முற்றிய, நோய் இல்லாத ஒரு குடையை, இரண்டு அங்குலக் காம்போடு வெட்டுங்கள். சுற்றியுள்ள இலைகளைப் பாதி நீளத்துக்கு நறுக்கிவிடுங்கள். அதைத் தலைகீழாக, குடை தண்ணீருக்குள்ளும் காம்பு மேலேயும் இருக்கும்படி ஒரு டம்ளரில் போடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் குடையின் நடுவிலிருந்து வேரும் புதுக் குருத்தும் வரும். இயற்கையில் தண்டு சாய்ந்து குடை தண்ணீரில் விழுந்தால் இதுதான் நடக்கும். டம்ளர் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். குருத்து விரல் நீளம் வந்ததும் சேற்று மண்ணில் நடலாம்.

குட்டை பாப்பிரஸும் இப்படி வரும். பெரிய பாப்பிரஸை இந்த முறையில் நம்ப முடியாது. அதைக் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு, மூன்று தண்டாவது இருக்கட்டும். பிரிப்பதற்கு ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை நல்ல நேரம். கத்திரி வெயிலில் செய்ய வேண்டாம்.

தொட்டி பிதுங்குகிற அளவு வேர் நிறைந்தால் நடுவில் உள்ள தண்டுகள் மெலிந்து, ஓரத்தில் மட்டும் புதுத் தண்டு வரும். அப்போது பிரித்தாக வேண்டும். வேர் பாய் மாதிரி பின்னியிருக்கும், கையால் பிரியாது. அரிவாளோ பழைய ரம்பமோ தேவைப்படும். ஓரத்து இளம் பகுதியை வைத்துக்கொண்டு நடுப்பகுதியைக் கழித்துவிடுங்கள்.

இலை மஞ்சளானால், கருகினால்?

ஒரு தண்டு வளர்ந்து, விரிந்து, பூத்து, பிறகு மஞ்சளாகிச் சாய்வது அதன் இயல்பு. நோய் இல்லை. அடியோடு வெட்டிவிட்டால் புதுசு வரும். பாதியில் வெட்டினால் அந்தக் கட்டை அங்கிருந்து துளிர்க்காது, சும்மா காய்ந்து நிற்கும். நுனி மட்டும் கருகினால் தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது உப்புத் தண்ணீர். புது இலையே வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து குறைவு. சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரில் இது வரும்.

வெயில் தினமும் நான்கு மணி நேரமாவது வேண்டும். பாப்பிரஸுக்கு அதற்கு மேலும் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு, மெலிந்து சாயும். வெள்ளைக் கோடு போட்ட குடைக்கோரை வாங்கியவர்கள், அதில் முழுப் பச்சைத் தண்டு வந்தால் உடனே அடியோடு எடுத்துவிடுங்கள். பச்சை வேகமாக வளர்ந்து கோடு போட்டதை அமுக்கிவிடும்.

வறண்ட கோடையில் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வரலாம், மெல்லிய வலை மாதிரி தெரியும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மீன் விட்ட தொட்டியில் மட்டும் தெளிக்காமல் துணியால் துடைத்தெடுங்கள்.

தொட்டியில் நிஜக் களைக்கோரை வந்துவிட்டால்?

நர்சரி மண்ணோடும் வண்டலோடும் ஒளிந்து வருவது கோரைக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு வாங்குகிறோமே, அதே கிழங்கு. 1977-ல் வெளியான உலகின் மோசமான களைகள் பற்றிய புத்தகத்தில் முதலிடம் பிடித்தது இந்தச் செடிதான். மண்ணுக்கு அடியில் மணி கோத்த மாதிரி கிழங்கு கிழங்காகத் தொடரும். மேலே பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கி மறுபடி முளைக்கும்.

அழகுக் கோரையும் இதுவும் ஒரே சைபரஸ் இனம் என்பதால், கோரையை மட்டும் கொல்வதற்காக வயலில் அடிக்கும் களைக்கொல்லியை இங்கே அடித்தால் இரண்டுக்குமே ஆபத்து. மண்ணை நன்றாக நனைத்து, ஒரு குச்சியால் கிளறி, கிழங்கோடு எடுப்பது மட்டுமே வழி. புதுச் செடி வாங்கினால் தனியாக ஒரு மாதம் வைத்துப் பார்த்து, தரையில் நடுவது நல்லது. தொட்டியில் வந்த கோரையைச் சமாளிக்கலாம், தோட்டத்து மண்ணில் இறங்கினால் பல வருடத்து வேலை.

வெட்டிய தண்டுகளை என்ன செய்வது?

குளம், கால்வாய், மழைநீர் வடிகால் பக்கம் கொட்டவே கூடாது. தண்ணீரில் விழுந்த ஒரு குடை போதும், அங்கே புதுச் செடி வந்துவிடும். குடைக்கோரை ஆஸ்திரேலியா, ஹவாய், ஃபுளோரிடாவில் தோட்டத்திலிருந்து தப்பி நீர்நிலைகளில் தானாகப் பரவிய செடி. நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். வீட்டுத் தோட்டம் ஏரிக்கரையை ஒட்டி இருப்பவர்கள் இதைத் தரையில் நடாமல் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். பூங்கொத்து பழுப்பாவதற்குள் வெட்டிவிட்டால் விதையும் விழாது.

வெட்டிய குடைகளை மொட்டைமாடியில் பரப்பி, ஒடித்தால் படக்கென்று முறிகிற அளவுக்குக் காயவிடுங்கள். அதன்பிறகு துண்டு துண்டாக நறுக்கி உரக்குழியில் போடலாம், மற்ற தொட்டிகளுக்கு மூடாக்காகவும் பரப்பலாம். இலையை நீக்கிய நீளத் தண்டுகள் காய்வதற்கு முன் வளைந்து கொடுக்கும். தக்காளி, அவரைக் கொடியைக் கட்ட அது போதும்.